இடது கால் காத்திருந்த இரண்டு வருடம்

2016 மார்ச் 9, நிக்சிச்
காலையில் கணக்குப் பரீட்சை, சுமார். மத்தியானம் அம்மாவோடு எலும்பு டாக்டரிடம் போனேன். பிறந்ததிலிருந்தே குட்டையான என் வலது கால் இப்போது இடதைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு.

டாக்டர் யாவுகோவிச் எக்ஸ்ரேயில் முழங்காலுக்கு மேலும் கீழும் இருந்த மெல்லிய கறுப்புக் கோடுகளைக் காட்டினார். "இது குருத்தெலும்பு. கால் முக்கால்வாசி வளர்றது இங்கதான். உனக்குப் பன்னிரண்டு வயசு. பொண்ணுங்கறதால இன்னும் ரெண்டு வருஷத்துல இதுவே கெட்டி எலும்பாயிடும். அப்புறம் யாரும் வளர முடியாது."

இடது முழங்காலில் அந்தக் கோடுகளை இப்போதே மூடிவிட்டால் அந்தக் காலின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். வலது வந்து சேர்ந்துகொள்ளும். எனக்கு வர வேண்டிய உயரத்தில் மூன்று சென்டிமீட்டர் போய்விடும். மூடினால் திறக்க முடியாது. இந்தக் கோடையைத் தாண்டவும் கூடாதாம்.

மார்ச் 10
அப்பா ஒரு மீட்டர் தொண்ணூற்று நான்கு. கத்தினார். "நல்லா இருக்கற காலை எதுக்குக் கெடுக்கணும்? குட்டைக் காலை இழுக்கச் சொல்லு!" அது எலும்பை வெட்டி, கம்பி மாட்டி, மாதக்கணக்கில் இழுப்பது. மூன்று சென்டிமீட்டருக்கு அது வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அண்ணன் வுகோட்டா: "விடுப்பா, வீட்டுல ஒட்டகச்சிவிங்கி நாம ரெண்டு பேர் போதாதா?"

மார்ச் 21
முதுகு வலி.

ஏப்ரல் 2
சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிட்டேன். "நேரா நிக்கவே முடியலப்பா. இதுல உயரமா இருந்து என்ன பண்ண?"

அப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை. கடைசியில், "செங்கா, இது உன் கால். நீயே சொல்லு" என்றார்.

மூடச் சொன்னேன். சரியாத்தான் சொன்னேனா?

ஜூன் 14
முழங்காலின் இரண்டு பக்கமும் சின்னத் தையல். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதார். நான் தூங்குவதுபோல் கிடந்தேன்.

2017 ஜூலை 3
வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர். சித்தி மகள் ஸ்லாவிகா என்னைத் தாண்டிவிட்டாள், என்னைவிட ஒரு வயது சின்னவள். தோளோடு தோள் நின்று பார்த்தாள். எரிச்சல். அப்படியொரு எரிச்சல்.

2018 ஆகஸ்ட் 20
வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர். கறுப்புக் கோடு எந்தக் காலிலும் இல்லை. "அவ்வளவுதான், இனி வளரமாட்ட" என்றார் டாக்டர். ஒரு மீட்டர் அறுபத்தெட்டு. அப்பா என் தலையில் கை வைத்து, "போதும்" என்றார்.

2019 செப்டம்பர் 11
புதுப் பள்ளி. உடற்பயிற்சி டீச்சர் என் மருத்துவச் சீட்டைப் படித்துவிட்டு, "எந்தக் கால்மா குட்டையா இருந்தது?" என்று கேட்டார்.

யோசித்துத்தான் சொல்ல முடிந்தது.