என் கழுத்துக்கென்று ஒரு பட்டை

ஜனவரி 14, செவ்வாய்

கடையில் வாங்கிய கழுத்துப்பட்டை இன்றும் உதவவில்லை. எனக்குக் கழுத்து குட்டை, தாடை பெரிது. எந்த அளவைப் போட்டாலும் காதை இடிக்கிறது, இல்லையென்றால் நெஞ்சில் இறங்கிவிடுகிறது. "உனக்கெல்லாம் தனியா ஆர்டர் குடுத்துத்தான் செய்யணும் மைஸூன், சோபா மாதிரி" என்கிறார் ஷுக்ரி. கட்டின புருஷன் பேசுகிற பேச்சா இது?

சிக்னலில் நின்ற என் காரை லாரி இடித்ததில் கழுத்தின் இரண்டாவது எலும்பில் விரிசல். அசையாமல் வைத்தால் தானே சேருமாம். நகர்ந்தால் திருகாணி போட்டு இறுக்க வேண்டுமாம். அப்புறம் தலை பாதிதான் திரும்புமாம். பாதி திரும்புகிற தலையோடு நான் அம்மான் நகரத்துப் பெண்களுக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பதா? அந்தப் பேச்சே வேண்டாம். எலும்பு சேரும்.

ஜனவரி 16, வியாழன்

அஷ்ரஃபியா பகுதியில் இந்த மாதிரிப் பட்டைகள் செய்யும் பட்டறை வைத்திருக்கும் வரூஜான் அளவு எடுத்தார். அர்மீனியர், பரம சாது. ஷுக்ரி தலையைப் பிடித்துக்கொள்ள, நனைத்த மாவுக்கட்டைத் தாடையிலிருந்து நெஞ்சுவரை சுற்றினார். குளிருக்குப் போட்ட கம்பளி முக்காட்டோடுதான் படுத்திருந்தேன். முக்காட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல உம்மு ஸைத்" என்று, மரியாதைக்கு என் மகன் பெயரைச் சேர்த்து 'ஸைதின் அம்மா' என்றழைத்து, அதன் மேலேயே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி வேலையைத் தொடங்கினார். இவ்வளவு அசையாமல் யாரும் படுத்ததில்லை என்று பாராட்டு வேறு.

ஜனவரி 23, வியாழன்

பட்டை வந்துவிட்டது! தாடைக்கு ஒரு கிண்ணம், பின்மண்டைக்கு ஒரு கிண்ணம், நெஞ்சுக்கு ஒரு தகடு. பட்டறையில் மாட்டியதும் தலை அப்படியே நின்றது. டாக்டரும் "கச்சிதம்" என்றார். வழியெல்லாம் ஷுக்ரியின் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டே வீடு வந்தேன்.

ஜனவரி 27, திங்கள்

ஆடுகிறது. பருப்பு சூப் குடித்தால் தாடை உள்ளே நழுவுகிறது. நாத்தனார் ஃபத்வா மக்லூபா கறிச்சோற்றுச் சட்டியோடு வந்தாள். "மெலிஞ்சிட்டீங்க அண்ணி, அதான்." மெலிந்தேனாம், நானா! மூன்று தட்டு சாப்பிட்டேன். அப்பவும் ஆடுது.

பிப்ரவரி 3, திங்கள்

வரூஜானிடம் போனேன். பிடித்து அசைத்துப் பார்த்தார். இம்மியும் ஆடவில்லை. "நல்லாத்தானே இருக்கு?" என்றார். வீட்டுக்கு வந்து படுத்தேன். மறுபடி ஆட்டம். எனக்குப் பைத்தியம் பிடிக்குதா என்ன?

பிப்ரவரி 9, ஞாயிறு

படம் எடுத்தார்கள். எலும்பு துளி நகர்ந்திருக்கிறது. "இன்னும் கொஞ்சம் நகந்தா ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அழுதேன். ஆமா, அழுதேன். யாருக்கென்ன?

எப்போதும்போல் என்னைப் படுக்கவைத்து, பட்டையைத் திறந்து, முக்காட்டை உருவினார் ஷுக்ரி. கையில் சுருட்டிப் பார்த்து, "எம்மாம் தடிப்பு!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அத மறுபடி சுத்துங்க" என்றேன். சுற்றி, பட்டையைப் பூட்டினார். ஆடவில்லை.

அடப்பாவி வரூஜான்! அளவெடுத்தது என் கழுத்தை இல்லை, கழுத்தும் கம்பளியும் சேர்ந்த ஒன்றை. வெளியே போகும்போது முக்காடு இருக்கிறது, பட்டை நிற்கிறது. வீட்டில் கழற்றினால் ஆடாமல் என்ன செய்யும்?

முக்காட்டோடேயே படுத்தேன். "வீட்டுக்குள்ள யாரு அந்நிய ஆம்பள? நானா?" என்கிறார் ஷுக்ரி. சிரிக்கவும் முடியவில்லை, தாடை பூட்டியிருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

பட்டறையில் பெரிய சண்டை. முழுக்க நான்தான் போட்டேன்.

"கழட்டுன்னு சொல்ல வாய் வரலையா உங்களுக்கு?"

"எப்படிம்மா சொல்றது? தப்பா நெனச்சிட்டீங்கன்னா?"

"கத்தியிருப்பேன். கத்திட்டுப் போறேன்! எலும்பு நகராம இருந்திருக்கும்ல?"

பாவம், முகம் சிவந்து நின்றார். உள்ளே வார் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சில்வா எழுந்து வந்து, அவரை வெளியே தள்ளித் திரையை இழுத்தாள். "நான் எடுக்கறேன்." கூட வந்திருந்த ஃபத்வா தலையைப் பிடித்தாள். முக்காட்டைக் கழற்றினேன். அவர் வெளியே நின்றுகொண்டு, "தாடைக்குக் கீழ அழுத்து! காத விட்டுடு!" என்று ஒரே கூச்சல். "எனக்கும் கண்ணு இருக்கு, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் சில்வா. எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது.

பிப்ரவரி 13, வியாழன்

புதுப் பட்டை. வெறும் கழுத்தில் கச்சிதம். முக்காடு இனிமேல் பட்டைக்கு மேலே. "கூடாரம் நடந்து வர்ற மாதிரி இருக்கு அண்ணி" என்கிறாள் ஃபத்வா. இருக்கட்டும்.

மார்ச் 12, புதன்

மருந்தால் ரமலான் நோன்பு வைக்க முடியவில்லை. எல்லோருக்கும் முன்னால் சாப்பிடக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சாப்பிடுகிறேன். இன்றைய படத்தில் எலும்பு நகரவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

நேற்று பட்டையைக் கழற்றினார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, மெதுவாகப் பழக்குங்கள் என்றார் டாக்டர். கழுத்து மெலிந்து யாருடையதோ போல இருந்தது. பயத்தில் நேற்று முழுக்க நேராகவே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் சமையலறையிலிருந்து ஷுக்ரி கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தேன்.

ஏலக்காய் டப்பாவும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன, சொல்லுங்க."

"எதுக்குக் கூப்பிட்டேன்னு மறந்துபோச்சு" என்றார். "நீ எந்திரிக்காத. நான் அந்தப் பக்கம் போய்க் கூப்பிடறேன்."

போனார். கூப்பிட்டார். அந்தப் பக்கமும் திரும்பினேன்.