ஆறு கிளாஸும் உன் அண்ணனும்

மாதா துணை

தாராவி,
வியாழக்கிழமை.

அன்புள்ள லிசாவுக்கு உன் மதினி லூர்து மேரி எழுதுவது. அந்த ஒஹாயோ குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

தினமும் வாட்ஸ்அப்பில் வாயாடுகிறவள் காகிதத்தை எடுத்துவிட்டாளே என்று திகைக்காதே. எங்களுக்கு இருப்பது ஒரே கோலி, ஒற்றை அறை. உன் அண்ணன் இரண்டடி தள்ளிக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது இருக்கிறது. பக்கத்து வீட்டு ஷ்யாமளா அக்கா நாளை மகளைப் பார்க்க அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ கொண்டுவந்த, கால் வைத்த ஆறு கிளாஸைப் பற்றித்தான். சாமியார் பூசையில் தூக்கும் கிண்ணம் மாதிரி இருக்கிறது, இதில் தண்ணீர் குடித்தால் பூசையும் வைக்க வேண்டுமே என்று உன் அண்ணன் கேலி செய்தார். நூறு வருஷத்துக்கு மேல் பழசு, ஊதிச் செய்ததல்ல என்றாய். உருகிய கண்ணாடியை இரும்பு அச்சுக்குள் விட்டு, கத்தரியால் நறுக்கி, மேலிருந்து உலக்கை மாதிரி ஒன்றை அழுத்தி இறக்குவார்களாம். அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் கோடு விழும் என்று என் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினாய். ஒன்று உடைந்தால் என்ன மதினி, அதே முகத்தோடு அச்சிலிருந்து இன்னொன்று வரும் என்றும் சொன்னாய்.

பிப்ரவரியில் ஒன்று கைதவறி உடைந்தது. சில்லுகளை நானே கூட்டி அள்ளிப் போட்டேன். மறுநாள் அலமாரியில் ஆறு இருந்தது. எண்ணத் தெரியாதவள் என்று உன் அண்ணன் சிரித்தார். எனக்கு ரோஷம் வந்து வேண்டுமென்றே இன்னொன்றை உடைத்தேன். மறுநாளும் ஆறு. அப்புறம் நான் அதைத் தொடவில்லை. அவர் மட்டும் தினம் அதில்தான் குடித்தார்.

இந்தச் செவ்வாய் காலை செம்பூரில் வயரிங் வேலை பார்த்த கட்டடத்தில், நான்காம் மாடியிலிருந்து உன் அண்ணன் விழுந்துவிட்டார். பதறாதே, படி. சாயங்காலம் வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னார். ஆதார் கார்டு எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தேன். பூட்டைத் திறந்தால் கட்டிலில் அவர் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார். ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்த அதே நீலச் சட்டை, ஒரு கிழிசல் இல்லை. "எங்கட்டி போய்ட்டு வார? பசிக்கி" என்றார். வாசலிலேயே நின்று சிலுவை போட்டுக்கொண்டேன் லிசா. ஆனாலும் சோறு போட்டேன்.

சின்ன வயதில் நீ கடித்த தழும்பு கையில் அப்படியே இருக்கிறது. உன்னை விசாரிக்கிறார். தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுதான் விரல் தடுக்கியது. இரண்டு காதுக்கும் பின்னால் மெல்லிய கோடு, கழுத்து வழியே முதுகு வரை இறங்குகிறது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு பாடியை எடுத்துப் போகச் சொன்னார்கள். ராங் நம்பர் என்றேன். மறுபடியும் கூப்பிட்டார்கள். அதையே சொல்லிவிட்டு போனை அணைத்துவிட்டேன். அங்கே கேட்பாரில்லாமல் குளிரில் கிடப்பவரை நினைத்தால் பெற்ற வயிறு மாதிரி எரிகிறது. ஆனால் நான் போய்க் கையெழுத்துப் போட்டால், இங்கே உட்கார்ந்திருப்பவர் யார்?

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது இரண்டாவது நம்பராக உன்னுடையதைத்தான் எழுதினேன். கூப்பிட்டு உன் அண்ணன் பேரைச் சொன்னால், மரியசூசை என்று யாரையும் தெரியாது என்று சொல்லிவிடு. உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

உன் அண்ணனுக்காக இரண்டு செபம் சொல். ஒன்று நீண்ட ஆயுளுக்கு. மற்றது நித்திய இளைப்பாற்றிக்கு.

இப்படிக்கு,
உன் மதினி
லூர்து மேரி