கிடா துளுக்கிய நேரம்

12 மார்ச் 1937, வெள்ளி.

பாவாயி தானே கம்பி கட்டிய யாழை மாரியம்மன் கோயிலில் வாசிக்கலாமா என்று இன்று ஊர் இரண்டுபட்டது. ஆத்தூரில் அவள் வாசித்தபோது பாதிப்பேர் அழுதார்களாம், பாதிப்பேர் எழுந்து போனார்களாம். நான் வேண்டாம் என்ற கட்சி.

அம்மனையே கேட்போம் என்று கிடாவின் மேல் தண்ணீர் தெளித்தோம். உடம்பை உதறித் துளுக்கினால் சம்மதம். அது அசையவில்லை. பொறுக்கமாட்டாமல் பாவாயி ஒரு கம்பியைச் சுண்டினாள். கிடா துளுக்கிவிட்டது.

“ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளுங்க!” என்றார் பூசாரி.

“சத்தத்துக்கு மெரண்டுருச்சுங்க,” என்றேன் நான்.

மிரண்டதாகவே இருக்கட்டும். அதே நேரம் எனக்கும் உடம்பெல்லாம் சிலிர்த்ததே, அது எதனால்? என் மேல் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.