பழுப்புப் பூச்சி பன்னிரண்டு

ஆற்றோர முகாம்
மே 5, செவ்வாய்

அன்புள்ள அண்ணா,

நீ கட்டி அனுப்பிய இறகுப் பூச்சிகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி இப்படி உயிருள்ள பூச்சியே செய்துவிடுகிறாயே, கடிகாரம் ரிப்பேர் செய்கிற கை என்றால் சும்மாவா! ட்ரவுட் மீன்கள் ஏமாந்து கவ்விவிடுகின்றன. விருந்தாளிகளோ மீனைப் பிடித்து, போட்டோ எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு, கோட்டையைப் பிடித்த மாதிரி நிற்கிறார்கள்.

மீன்பிடி வழிகாட்டியாக எனக்கு இது முதல் சீசன். முதலாளியின் கண் இன்னும் என்மேல்தான். ஒரு தப்பு நடந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஒரு தடவை வந்து பார் என்றால் உனக்குத் தண்ணீர் பயம்!

பெட்டியின்மேல் மறுபடியும் ‘பஞ்சில் இழுத்துப் பார்’ என்று எழுதியிருக்கிறாய். கொக்கி நுனியிலுள்ள எதிர்முள்ளை நீயே குறடால் நசுக்கித்தானே அனுப்புகிறாய்? பஞ்சில் மாட்டுகிறதா என்று நான் வேறு பார்க்க வேண்டுமா? நச்சரிக்காதே. இங்கே சிக்னல் கிடையாது, சாமான் வண்டி செவ்வாயும் சனியும்தான். பதில் போடு.

உன் வாலு

கடிகாரக் கடை
மே 6, புதன்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. அந்தப் பெட்டியில் பழுப்புப் பூச்சி பன்னிரண்டு இருக்கும். காய்ச்சலோடு கட்டியவை. எதிர்முள்ளை நசுக்கினேனா இல்லையா என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. நீதான் பார்த்துவிடுவாயே என்ற தைரியத்தில் அனுப்பிவிட்டேன். நீயோ அண்ணன் பார்த்திருப்பான் என்று இருந்திருக்கிறாய். நல்ல ஜோடி நாம்!

பழுப்பைத் தொடாதே. யார்மேலாவது மாட்டினால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அண்ணன்

ஆஸ்பத்திரி வராந்தா
மே 9, சனி

அண்ணா,

போன் பண்ணினால் என் அழுகைதான் உனக்குக் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

இன்று என்னோடு வந்தவர் ரிட்டயரான ஒரு கணக்கு டீச்சர். பனியில் மங்கிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தூண்டில் கோலை வீசினார். “மேடம், கண்ணாடி!” என்று நான் கத்துவதற்குள் காற்று திரும்பி, கொக்கி அவர் இமையில் ஏறிவிட்டது. சாமான் வண்டியிலேயே இங்கே கொண்டுவந்தேன். வழியில் டிரைவர் உன் கடிதத்தை நீட்டினார்.

அவர் இமையில் இருப்பது பழுப்பு.

உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகிறது. அந்தக் கண் போய்விட்டால் நான் இனி எந்த ஆற்றிலும் இறங்க மாட்டேன். பத்து நிமிஷ வேலை, அண்ணா. சோம்பேறித்தனத்தில் விட்டேன்.

மாலை 4 மணி. இதே தாளில் தொடர்கிறேன்.

கண்ணுக்கு ஒன்றும் இல்லை! ஒன்றுமே இல்லை, அண்ணா! டாக்டர் வெளியே வந்து, “எதிர்முள் இல்லம்மா, அப்படியே வழுக்கிட்டு வந்துருச்சு. இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு சொல்லவே முடியாது” என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் ஒற்றைக் கண் கட்டோடு வந்து, “காலையிலேர்ந்து ஒரு மீனும் மாட்டல, கடைசில நான்தான் மாட்டினேன். எழுந்திரும்மா, நாளான்னைக்கு மறுபடியும் போகணும்” என்கிறார். முதலாளியிடமும் தானே பேசுவதாகச் சொல்லிவிட்டார்.

நர்ஸிடம் கொஞ்சம் பஞ்சு வாங்கி, பையிலிருந்த மீதிப் பதினொன்றையும் இழுத்துப் பார்த்தேன். ஐந்து மாட்டின.

அந்த ஐந்தையும் இத்துடன் அனுப்புகிறேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வாலு

கடிகாரக் கடை
மே 11, திங்கள்

வாலு,

படித்ததும் கஸ்டமர் முன்னாலேயே அழுதுவிட்டேன். பாவம், அவர் தன் கடிகாரம்தான் செத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்தையும் உடைத்துப் போட்டேன். இனிமேல் நீயும் பார், நானும் பார்க்கிறேன். ஒருவரை நம்பி ஒருவர் சும்மா இருக்க வேண்டாம்.

இதை டிரைவர் உன் கையில் கொடுப்பார். நேரில் சொல்ல எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் எழுதினேன். நீ படித்து முடிக்கும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன், மடியில் ஒரு கட்டுப் பஞ்சோடு. வந்து கூப்பிடு. ஆற்றுப் பக்கம் மட்டும் கையைப் பிடித்துக்கொள்.

அண்ணன்