டிசம்பர் வரைக்கும் திருப்தி

அக்கா,

இன்று காலை முத்திரைப் பெட்டியைத் திறந்தபோது ஊதா மை விரலில் ஒட்டிக்கொண்டது. இரண்டு தடவை சோப்புப் போட்டும் நகக்கண்ணில் நிற்கிறது. அந்த வாடைக்கு உங்கள் மேசை நினைவுக்கு வந்தது. பள்ளி அலுவலகத்தில் மேசை அதேதான். எழுத்து வேலை பார்க்கும் கிராணி மட்டும் வேறு.

தோட்டத்துப் பள்ளிக்கு அரசாங்கம் இணைய லைன் கொடுத்த வருஷம் அது. லைன் ஒழுங்காக ஓடுகிறதென்று பள்ளி மாதாமாதம் ஒரு பாரத்தில், அச்சடித்த படிவத்தில், உறுதி சொல்ல வேண்டும். 'மெமுவாஸ்கான்', அதாவது திருப்தி, என்ற கட்டத்தில் ஒரு கோடு. கீழே பள்ளியின் சாப்பு, அந்த ஊதா முத்திரை. அதைக் காட்டித்தான் கம்பெனி அரசாங்கத்திடம் பணம் வாங்கும். தலைமையாசிரியருக்கு மாதாமாதம் இந்தத் தொல்லை பிடிக்கவில்லை. ஜனவரியிலேயே பன்னிரண்டு பாரங்களையும் உங்கள் முன்னால் வைத்து எல்லாவற்றிலும் குத்தச் சொன்னார்.

"டிசம்பர்ல நாம திருப்தியா இருப்போம்னு இப்பவே தெரியுமா சார்? ஜோசியம் பார்ப்பீங்களா?"

"எல்லா ஸ்கூல்லயும் இப்படித்தான்லா செய்றாங்க."

"அப்ப எல்லா ஸ்கூல்லயும் ஜோசியக்காரங்கதான்."

நான் சிரித்துவிட்டேன். அவர் அதை மறக்கவில்லை. நானும் அவரை மறக்கவில்லை.

கணினி வகுப்பு என்னுடையது. ஒரு பக்கம் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் இணையத்தில் தேர்வு எழுத வேண்டிய அன்று எல்லாத் திரைகளும் சுற்றிக்கொண்டே நின்றன. நீங்கள் உங்கள் கைப்பேசியை எடுத்து ஒவ்வொரு பிள்ளையாக எழுத வைத்தீர்கள். நேரம் முடிந்தபோது பாதிப் பேர் மிச்சம். அதில் லோரி டிரைவரின் மகள் ஒருத்தி, "டீச்சர், நான் ஃபெயிலா?" என்று உங்களைக் கேட்டாள். 'நான் டீச்சர் இல்ல, கிராணி' என்று நீங்கள் அவளைத் திருத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் மேலிடத்துக்கு எழுதினீர்கள். இரண்டே கேள்வி. எங்கள் லைனுக்கு என்ன வேகம் என்று ஒப்புக்கொண்டார்கள்? அதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? பதில் தொலைபேசியில் வந்தது. ஒப்பந்த விவரம் 'சூலிட்'டாம்.

"மலாய்ல சூலிட்டுக்கு ரெண்டு அர்த்தம் தம்பி," என்றீர்கள். "ரகசியம் ஒண்ணு, கஷ்டம் ஒண்ணு. ரகசியத்த அவங்க வச்சிக்கிட்டு கஷ்டத்த நமக்குக் குடுத்துட்டாங்க. பசார்ல மீன்காரன்கூட வெலையச் சொல்லிட்டுத்தான் நல்ல மீனுங்கிறான்."

சாப்பை இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். பாரங்கள் வெறுமையாகவே கிடந்தன.

அடுத்ததை எழுதத்தான் இந்த மடலே. தலைசுற்றல் என்று நீங்கள் மலாக்கா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் படுத்திருந்தீர்கள். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழுக்குச் சாப்பு தேவைப்படும் என்று இழுப்பறைச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். என் பதவி உயர்வுக்கான பரிந்துரைத் தாள் அவர் மேசையில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பாரங்களுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார், அவ்வளவுதான். பன்னிரண்டிலும் கோடு போட்டுக் குத்தினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

பதவியை அவர் வேறொருவருக்குக் கொடுத்தார். நான் துணைத் தலைமையாசிரியர் ஆவதற்கு மேலும் எட்டு வருஷம் ஆனது. அவரை நான் மன்னிக்கவில்லை. உங்கள் சாவுக்கு வந்து, "ரொம்ப ஒத்துழைப்பான ஊழியர்" என்று பேசினாரே, அதற்கும் சேர்த்து மன்னிக்கவில்லை.

நீங்கள் வேலைக்குத் திரும்பிய காலையில் சாவியை நீட்டினேன். என் விரலைப் பார்த்தீர்கள்.

"சீக்கிரம் கழுவிடுங்க சார். காஞ்சிட்டா போகாது."

அதுவரை நான் தம்பி. மூன்று மாதத்தில் உங்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள்; நீங்கள் போகும்வரை நான் சார்தான். அவர்மேல் எவ்வளவு கோபம் வைத்தாலும் இந்த இடத்துக்கு வரும்போது அது உதவுவதில்லை. குத்தியது என் கை.

இப்போது புது லைன், புதுக் கம்பெனி. வேகம் கொஞ்சம் தேவலாம். விலையை மட்டும் இன்றுவரை யாரும் சொல்லவில்லை. புதுத் தலைமையாசிரியை நல்ல பெண்தான். அவளும் ஜனவரியில் பன்னிரண்டு பாரங்களை என் மேசையில் வைத்தாள். ஒன்றை மட்டும் எடுத்து, கட்டத்தை வெறுமையாக விட்டு, கீழே உங்கள் இரண்டு கேள்விகளையும் எழுதி அனுப்பினேன். 'முழுமையில்லை' என்று குறிப்பெழுதி நேற்றுத் திருப்பிவிட்டார்கள்.

"சார், ஒரு கோடுதானே? போட்டுடுங்கலா."

"போடலாம் டீச்சர். வெலையச் சொல்லட்டும்."

"எனக்குத்தான் சார் போன் வரும்."

"என் பேரச் சொல்லுங்க."

இன்று காலை அதே பாரத்தில், கேள்விகளுக்குக் கீழே சாப்பைக் குத்தி மறுபடி அனுப்பினேன். பிறகு இழுப்பறையைப் பூட்டினேன். புதுக் கிராணி சாவியைக் கேட்டாள். வேண்டும்போது நானே வந்து திறக்கிறேன் என்றேன். அது என் சட்டைப்பையில் இருக்கிறது, அக்கா. யாரிடமும் கொடுப்பதில்லை.