நீல நூல் என்று சொல்லிவிட்டேன்

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். சுகமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஜெயிலில் இருக்கிற பிள்ளையிடம் அதை எந்த வாயால் கேட்பது என்று பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அதனால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கும் என் வணக்கம். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. குழாய் இன்னும் ஒழுகுகிறது. அப்பா துணி சுற்றி வைத்திருந்தாரே, அந்தத் துணியும் நைந்துபோயிற்று. பிளம்பரைக் கூப்பிடலாம், கூப்பிட்டால் அந்தத் துணியை அவிழ்த்துப் போட்டுவிடுவான். அதனால் கீழே வாளி வைத்திருக்கிறேன். அப்பாவின் நாற்காலியில் மடித்த துணிகளை அடுக்கிவிட்டேன். காலியாக இருந்தால் பார்க்க முடியவில்லை.

உன்னைப் பார்த்துவிட்டு வந்த வாரம் நான் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சிரிக்காதே. தையல் கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு வக்கீலம்மா நடத்துகிறார். நாட்டின் அரசியல் சட்டத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு என்னென்ன உரிமை எழுதியிருக்கிறது என்று சொல்லித் தருகிற வகுப்பு. என்னை இழுத்துக்கொண்டு போனது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்க்கிற நம் லொடலொடா அக்காதான். அங்கே விசிறி இருக்கிறது, சும்மா உக்காந்தா காத்தாவது வரும் என்றாள்.

எதற்கு வந்தீர்கள் என்று வக்கீலம்மா ஒவ்வொருவரையும் கேட்டார். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர், பாய்லர் வெடித்து, நான் துணி வெளுக்கிற அதே ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் கிடந்து போய்ச் சேர்ந்தார் என்றேன். குடித்துவிட்டு வேலை பார்த்தார் என்று பட்டறையில் எழுதிவிட்டார்கள், குடி வாடையே ஆகாத மனுஷன் என்றேன். விசாரணை வேண்டும் என்று என் மகள் பட்டறை வாசலில் அட்டை பிடித்து நின்றாள், அவளைக் கொண்டுபோய் தூரத்து ஜெயிலில் வைத்திருக்கிறார்கள், இன்னும் கோர்ட்டைக் கண்ணில் காட்டவில்லை என்றேன். உட்காருங்க என்று அவர் சொன்ன பிறகும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அக்காதான் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

ஐந்தாவதோடு நின்றவளுக்குப் பாடம் எங்கே ஏறும்? பிரிவு எண்களைச் சொன்னால் படி இறங்குவதற்குள் மறந்துபோகும். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் விரிப்புகளில் வார்டுக்கு ஒரு நிறமாக ஓரத்தில் நூல் தைத்திருக்கும், உனக்குத் தெரியுமே. அதை வைத்தே படித்தேன். பிரசவ வார்டு மஞ்சள் நூல். பிறக்கும்போது எல்லோரும் சமம், அது மஞ்சள். தொண்டை வார்டு பச்சை, அது பேசுகிற உரிமை. காய்ச்சல் வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருப்பார்கள், அதனால் கூட்டம் கூடுகிற உரிமைக்கு ஊதா. ஆபரேஷனுக்கு நீலம். அறுக்கும் முன்னால் எதற்கு அறுக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும் அல்லவா? அதுபோல ஆளைப் பிடித்தால் காரணம் சொல்ல வேண்டும், சீக்கிரம் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும், அது நீலம். நெஞ்சு வார்டு கறுப்பு. தனக்கு எதிராகத் தானே சொல்லும்படி ஒருவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதற்கு அதை வைத்தேன். தீக்காய வார்டு சிவப்பு. உயிரோடு இருக்கிற உரிமைக்கு அந்த நிறம்தான் மிச்சம் இருந்தது.

துணியை அலசிக்கொண்டே இதையெல்லாம் முணுமுணுப்பேன். என்னடி, உரிமையெல்லாம் வெளுத்தாச்சா, சாயம் போகாம பாத்துக்கோ என்பாள் அக்கா. வக்கீலம்மாவுக்கும் இந்த நூல் விஷயம் பிடித்துப்போய், எல்லோருக்கும் எடுத்துச் சொன்னார். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து வந்தேன், பொய் சொல்வானேன்.

அந்தத் தைரியத்தில்தான் பெரிய ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போனேன். அதிகாரி நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார். என் மகளைப் பிடித்து இவ்வளவு நாள் ஆயிற்று, காரணமும் சொல்லவில்லை, நீதிபதியிடமும் காட்டவில்லை, இது சட்டத்துக்கு விரோதம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எந்தப் பிரிவும்மா அது என்று கேட்டார். நீல நூல் ஐயா என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர் தையல் மிஷின் வாங்க மனுக் கொடுக்குற வரிசை அந்தப் பக்கம் என்று கை காட்டினார். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய? அதிகாரி சிரிக்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அம்மா, நீங்க படிச்சது சரிதான், ஆனா நெருக்கடி வந்தா இதையெல்லாம் நிறுத்தி வைக்கலாம்னு அதே புத்தகத்துலயே இருக்கே, இப்ப நிறுத்திதான் வச்சிருக்காங்க என்றார். மனுவை வாங்கி வைத்துக்கொண்டார். வைத்த இடத்தில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வக்கீலம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒரு பிரிவு இருக்கிறதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றார். அதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம். அதற்கு என்ன நிறம் வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். எங்கள் கூடத்தில் நூலே தைக்காத விரிப்புகள் ஒரு கட்டு தனியாக இருக்கும். அது பிணவறைக்குப் போவது. அதை இதற்கு வைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது மாடிக் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது. வக்கீலம்மா எங்கே என்று தையல்காரரைக் கேட்டோம். அளவு எடுக்கிற டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே, இனிமே வர மாட்டாங்க, நீங்களும் வராதீங்கம்மா, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு என்றார். ஊரை விட்டுப் போனாரா, உன்னைப் போலக் கொண்டுபோனார்களா, தெரியவில்லை. திரும்பி வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விசிறிக் காத்தும் போச்சு என்றாள்.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். உன் சித்தப்பா வந்திருந்தார். பட்டறையில் அவரை இன்னும் வேலையில் வைத்திருக்கிறார்கள், அதனால் அவரைத்தான் தூது அனுப்பியிருக்கிறார்கள். அப்பா குடித்திருந்தது உண்மை, அது தெரிந்தே நீ பொய் பரப்பினாய் என்று எழுதிய தாள் ஒன்று உன்னிடம் வரும். அதில் நீ கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். அண்ணி, செத்தவனுக்கு இனிமே என்ன கெட்ட பேரு, இருக்கிறதைக் காப்பாத்துங்க என்று சொல்லிவிட்டு அவரே அழுதார். கூடப் பிறந்த அண்ணனைப் பற்றி இப்படிப் பேச வேண்டியிருக்கிறதே என்று அழுதார் போலிருக்கிறது. நான் காப்பி கூடக் கொடுக்கவில்லை. பிறகு மனசு கேட்காமல் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

அந்தத் தாள் முன்னமே ஒரு தடவை வந்தது, நீ தள்ளிவிட்டாய் என்றும் சொன்னார். நீ என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கும் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியவில்லை.

ஆனால் கண்ணு, அன்றைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசும்போது நீ முகத்தைத் திருப்பித் திருப்பி இருமினாய். தூசி என்று சொன்னாய். போகும்போது கை ஆட்டினாயே, அப்போது சட்டைக் கையின் உள்பக்கம் கறையைப் பார்த்தேன். மற்றவர்களுக்கு அது காப்பிக் கறையாகத் தெரியலாம். நான் நெஞ்சு வார்டின் கறுப்பு நூல் விரிப்புகளைத் தினம் வெளுக்கிறவள். அந்தக் கறை எதனால் வருகிறது, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது, பிறகு ஒரு நாள் அந்தக் கட்டிலிலிருந்து விரிப்பே ஏன் வருவதில்லை என்று எனக்குச் சொல்லித்தர வகுப்பு வேண்டியதில்லை.

அப்பாவை எனக்குத் தெரியும். தெருவில் சாராயக் கடை இருக்கிறது என்று வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிற மனுஷன். ஆனால் உனக்கு ஒரு காய்ச்சல் என்றால் ஊரே பார்க்க உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினவரும் அவர்தான். குடிகாரன் என்று எழுதிக் கொடுத்தால் நீ பிழைப்பாய் என்றால், அவரே பேனாவைத் திறந்து கொடுப்பார். இதை நானாகச் சொல்லிக்கொள்கிறேன். அவரைக் கேட்க வழியில்லை.

தனக்கு எதிராகச் சொல்லும்படி யாரையும் யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று படித்தேன் அல்லவா? அந்த யாரும் என்பதில் பெற்றவளும் சேர்த்தியா என்று வக்கீலம்மாவிடம் கேட்க நினைத்திருந்தேன். கதவு பூட்டிக் கிடக்கிறது. அதனால் தெரியாமலே கேட்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடு.

வெந்நீர் கேட்டு வாங்கிக் குடி. மார்பை மூடிக்கொண்டு படு. எனக்கு மிச்சம் இருக்கிற ஆயுசையும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா