அவர் கேட்டது மணி

இன்று காலை நம் பள்ளி மண்டபத்துச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிமெண்டுத் தூளும் புது வார்னிஷும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. பெரிய பலகை ஒன்றை மாட்டும் வேலை. மேலே பள்ளியின் வரலாறு, கீழே அதன் குறிக்கோள். ஏணியில் நின்ற ஆள் வேலையை நிறுத்திவிட்டு, இங்கே எல்லோரும் வாத்தியாரைக் கூப்பிடுவதுபோல் என்னை மலாயில் கூப்பிட்டுக் கேட்டான்: "சிக்கு, புக்குல் பெராப்பா?"

மணி என்ன என்று கேட்டான், அவ்வளவுதான். என் கையில் கடிகாரம் இருந்தது. ஆனாலும் வாய் வரவில்லை. இதே பள்ளியில் படித்து, இதே பள்ளியில் வாத்தியாராக ஓய்வு பெறப்போகிற கிழவன், மரம் மாதிரி நின்றேன். ஏன் என்று உனக்கு ஒருவனுக்குத்தான் புரியும். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கிள்ளானுக்கு வெளியே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு, நாம் இருவரும் இங்கே புகுமுக வகுப்பில் வந்து விழுந்தோம். ஓராண்டு மலாய் படித்துத் தேறினால்தான் நம்மைப் போன்றவர்களுக்குப் படிவம் ஒன்று என்கிற ஏழாம் வகுப்பு. நமக்குத் தெரிந்ததெல்லாம் தோட்டத்து மலாய். அதில் 'புக்குல்' என்றால் அடி. மணியைச் சொல்லவும் அதே சொல்தான் என்பது புத்தகத்தில் இருந்தது, நம் மண்டையில் இல்லை.

முதல் வாரமே பஸ்ஸை விட்டுவிட்டுத் தாமதமாக வந்தோம். வாசலில் கட்டொழுங்கு ஆசிரியர் ரோத்தான் பிரம்பைத் தொடையில் தட்டிக்கொண்டு நின்றார். "புக்குல் பெராப்பா?" என்று உறுமினார். மணி என்ன ஆகிறது பார் என்று அர்த்தம். எத்தனை அடி வேண்டும் என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டு, நீ பணிவாக ஒரு விரலைக் காட்டி, "சாத்து, சிக்கு" என்றாய். காலை வேளையில் ஒரு மணியா? நக்கல் என்று நினைத்து உனக்கு மூன்று விளாசினார். பக்கத்தில் நின்ற பாவத்துக்கு எனக்கும் மூன்று.

குழாயடியில் தொடையை நனைத்தபடி நீ சிரித்தாய். "ஒன்னுதாண்டா கேட்டேன். மூனு குடுத்துட்டாருலா. இவரெல்லாம் எப்படிடா வாத்தியார் ஆனாரு?"

அந்தக் காலத்தில் அங்கே அடிதான் நடைமுறை. ஆசிரியர் மாணவனை அடித்தார், பெரிய படிவம் சின்னப் படிவத்தை அடித்தது, மிச்சத்தை பஸ் நிறுத்தத்தில் வைத்துக்கொண்டோம். உடைந்த பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. எல்லாச் சண்டையிலும் நீ முன்னால் நின்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்றேன். தைரியசாலி என்று என்னையும் நினைத்தார்கள்.

படிவம் மூன்றில், பள்ளி விட்ட பிறகு, கேண்டீனுக்குப் பின்னால் அது நடந்தது. ஊர் ரவுடிக் கோஷ்டியில் சேரமாட்டேன் என்று நீ சொன்னதற்காக, படிவம் ஐந்தின் தடியன் ஒருவன் உன் முதுகில் ஏறி உட்கார்ந்து, உன் முகத்தை லோங்காங் தண்ணீரில் அமுக்கினான். அந்தக் கறுப்புச் சாக்கடையில் குமிழி வந்தது. பிறகு குமிழியும் நின்றது. குப்பையில் கிடந்த உடைந்த ஹாக்கி மட்டையை எடுத்தேன். முதல் அடி அவன் தோளில் விழுந்தது. உன்னை விட்டுவிட்டு, கையை முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு, "போதும்" என்றான். அதற்குப் பிறகுதான் இரண்டாவது அடி. காதுக்கு மேல். இளநீர் சீவுகிற சத்தம். இதை உன்னிடம்கூட நான் சொன்னதில்லை. முதல் அடி உனக்காக. இரண்டாவது எனக்குப் பிடித்திருந்ததால் அடித்தேன்.

நீ இருமிக்கொண்டே ஏறி வந்து, மட்டையை என் விரலிலிருந்து பிடுங்கினாய். "கைய கழுவுடா. சட்டையில ரத்தம் படலலா, சும்மா நில்லு."

தலைமையாசிரியர் அறையில், மட்டையோடு பிடிபட்ட நீ நடுவில் நின்றாய். நான் கதவோரம், சாட்சியாக. சம்பவம் எத்தனை மணிக்கு என்று எழுதப் பேனாவைத் திறந்து, "புக்குல் பெராப்பா?" என்றார் அவர். அதற்குள் உன் மலாய் என்னுடையதைவிடச் சுத்தம். அவர் கேட்டது மணி என்று உனக்கு நன்றாகத் தெரியும். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, தோட்டத்துப் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாய்: "டுவா காலி, சிக்கு." இரண்டு தடவை அடித்தேன்.

அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் தடியனுக்கு ஒரு காது கேட்காமல் போயிற்று; அடித்தது யார் என்பதும் அவன் நினைவில் இல்லை. உன்னைப் பள்ளியைவிட்டு நீக்கினார்கள். துறைமுகத்தில் லோரிக்குச் சரக்கு ஏற்றப் போனாய். எந்தக் கோஷ்டியில் சேரமாட்டேன் என்று சாக்கடை குடித்தாயோ, அந்தக் கோஷ்டிதான் கடைசியில் உனக்குச் சோறு போட்டது. இருபத்து நான்கு வயதில், பட்டப்பகலில், தேநீர்க் கடை வாசலில் உன்னைப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். பிணவறையில் பார்த்தேன். தடுக்கத் தூக்கிய கை எலும்புவரை பிளந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, உன் மேல். யார் உன்னை அப்படிப் பதில் சொல்லச் சொன்னது?

அந்தப் பலகைக்கு வரலாறு எழுதியது நான்தான். பலகைக் கொட்டகையில் தொடங்கியது, மாடிக் கட்டடம் வந்தது, எல்லாம் எழுதினேன். குறிக்கோளையும் நானே நல்ல மலாயில் எழுதிக் கொடுத்தேன். 'இந்தப் பள்ளி எந்தப் பிள்ளையையும் வாசலுக்கு வெளியே விட்டதில்லை, விடவும் மாட்டாது.' கூட்டத்தில் கைதட்டினார்கள்.

ஏணிக்காரனுக்குப் பதில் சொல்லாமல் நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அந்த வரியில் பாதி பொய் என்றேன். லோங்காங், மட்டை, உன் நீக்கம், தேநீர்க் கடை, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "சியாப்பா யாங் புக்குல்?" யார் அடித்தது?

வகுப்பில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன். "சாயா, புவான். டுவா காலி." நான்தான் அம்மா, இரண்டு தடவை.

பலகையைக் கீழே இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அந்த வரியை நான்தான் திருத்தி எழுதவேண்டும், உன் பெயரோடு. சாயங்காலத்திலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். பேனாவை எடுத்தால், என் விரல்கள் அந்த மட்டையைப் பிடித்த பிடியைத்தான் பிடிக்கின்றன.